மூன்று ஃபில்டர்களும் ஒரு டேங்க் மூடியும்

என் மேஜை இழுப்பறையில் மூன்று பெட்ரோல் ஃபில்டர்கள் கிடக்கின்றன. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூடு, உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம், இரண்டு பக்கமும் ஹோஸ் மாட்ட ஒரு மூக்கு. மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து நான்தான் கழற்றினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் காகிதம் லேசாகப் பழுப்பேறியிருப்பது தெரியும், அடியில் இரண்டு மூன்று துரும்பு. வாயில் வைத்து ஊதினால் காற்று தாராளமாகப் போகிறது. அடைப்பே இல்லை. ஆனால் அடைப்பு என்று சொல்லித்தான் மூன்றையும் மாற்றினேன். மாற்றிய மூன்று முறையும் நின்றுபோன வண்டி உடனே ஓடியது. இந்தக் கணக்கு எனக்குப் பல மாதம் உதைத்துக்கொண்டே இருந்தது. நல்ல ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல ஃபில்டரை மாட்டினால், நின்ற வண்டி ஏன் ஓட வேண்டும்?

வண்டி அப்பா ஓட்டியது. நாலு சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்ப ஒரே ஒரு கார்புரேட்டர், அதுவரை பெட்ரோலைக் கொண்டுவர இன்ஜின் பக்கவாட்டில் கேம்ஷாஃப்ட் தள்ளி இயங்கும் டயாஃப்ரம் பம்ப், பின்னால் டிக்கிக்கு அடியில் டேங்க். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதனாலேயே இதில் வருகிற எந்தக் கோளாறையும் உட்கார்ந்து யோசித்தால் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவன் நான். நோய் இதுதான்: காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். பக்கத்துத் தெருக்களில் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் செய்யாது. நெடுஞ்சாலை ஏறி ஒரே வேகத்தில் இருபது நிமிடம் போனால் முதலில் இழுவை குறையும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்னே பாய்வதற்குப் பதிலாக யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். காலை எடுத்தால் ஒரு நூறு அடி சரியாகப் போகும், மறுபடி திக்கும், அப்புறம் நின்றுவிடும். பதினைந்து நிமிடம் பொறுத்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

எல்லோரும் கை நீட்டிய இடம்

கார்புரேட்டர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது: கோளாறு தொடங்குவதற்கு முந்தின வாரம்தான் அதை முழுதாகப் பிரித்துக் கழுவி, கேஸ்கெட் மாற்றிப் பூட்டியிருந்தோம். கை வைத்த இடத்தில்தான் கோளாறு வரும் என்பது நியாயமான சந்தேகம்தானே. ஆனால் அதையும் தாண்டி, பழைய வண்டிகளைப் பொறுத்தவரை கார்புரேட்டர் மீது பழி போடுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பானெட்டைத் திறந்ததும் உச்சியில் உட்கார்ந்திருப்பது அது. ஆறேழு ஸ்க்ரூவில் திறந்துவிடலாம். உள்ளே ஊசி முனை அளவு ஓட்டைகள், பித்தளை ஜெட்டுகள், மிதவை எல்லாம் இருப்பதால் இங்கேதான் ஏதோ ஆகியிருக்கும் என்று நம்ப வைக்கிறது. டேங்க் வண்டிக்கு அடியில் சேறு பூசிக் கிடக்கிறது. அதை யார் குனிந்து பார்ப்பது?

நான் கண்ணை மூடிக்கொண்டு கழற்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முதலில் இக்னிஷனா, பெட்ரோலா என்று பிரித்துப் பார்த்தேன். தீப்பொறிக்குக் கரன்ட் கொடுக்கும் காயிலோ கண்டென்சரோ சூட்டில் படுத்துக்கொண்டாலும் வண்டி இப்படித்தான் வழியில் நிற்கும், ஆறினால் ஓடும். ஆகவே ஆறினால் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிற்கிற விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். கரன்ட் போனால் ஸ்விட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். பெட்ரோல் வற்றினால் தவித்துத் தவித்து நிற்கும். என் வண்டி தவித்தது. அடுத்த முறை நின்றபோது இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் கிளீனரைத் தூக்கி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டே கையால் த்ராட்டிலைத் திருகிப் பார்த்தேன். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் சின்ன அறையான ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருந்தால் ஆக்சிலரேட்டர் பம்பின் மூக்கிலிருந்து மெல்லிய கோடாகப் பீய்ச்சும். ஒரு சொட்டுகூட வரவில்லை. சேம்பர் காலி. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். நான் அன்று செய்த காரியங்களில் சரியான காரியம் இது ஒன்றுதான்.

சேம்பர் காலி என்றால் பெட்ரோல் மேலே வந்து சேரவில்லை என்று மட்டுமே அர்த்தம். ஏன் வரவில்லை என்பதற்கு அது பதில் கிடையாது. நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன். சேம்பருக்குள் பெட்ரோலை விடுகிற நீடில் வால்வு ஒட்டிக்கொள்கிறது என்று வால்வையும் சீட்டையும் மாற்றினோம். மிதவையின் மட்டத்தை அளந்து திருத்தினோம். பம்ப் பலவீனம் என்று டயாஃப்ரம் கிட் போட்டோம். கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு, காயில் வயரை எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் துடிப்பு துடிப்பாக, ஜோராகப் பீய்ச்சியது. மெக்கானிக் அண்ணன், "இதுக்கு மேல பம்புல என்ன தம்பி எதிர்பார்க்கிற?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஷெட்டில் நின்ற அந்த நேரத்தில் பம்ப் முழு ஆரோக்கியமாகத்தான் இருந்தது. சாலையில்தான் அதற்கு மூச்சு முட்டியது.

இடையில் ஒரு உண்மையான கோளாறும் கிடைத்தது. டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயையும் பம்பையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ், கிளிப் இறுக்கும் இடத்தில் மயிரிழை அளவு வெடிப்பு விட்டிருந்தது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் வெளியே கசியும், வாடை அடிக்கும், குழந்தையும் கண்டுபிடித்துவிடும். பம்புக்குப் பின்னால், அது டேங்கிலிருந்து உறிஞ்சுகிற சக்ஷன் பக்கத்தில் வெடித்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்ப் பெட்ரோலுக்குப் பதில் பாதி காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரகத்து ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கிறது என்பதால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு முழ ஹோஸைக் கண்டிப்பாக வளைத்துப் பார்க்க வேண்டும். வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். புது ஹோஸ் போட்டோம். இரண்டு வாரம் நிம்மதி. மூன்றாவது வாரம் ஒரு ஏற்றத்தில் அதே தவிப்பு, அதே நிற்றல்.

அப்போதுதான் ஃபில்டர் பழக்கம் வந்தது. ஃபில்டரும் பம்புக்குப் பின்னால், சக்ஷன் பக்கத்தில்தான் இருந்தது. வழியில் நின்றால் கிளிப்பைத் தளர்த்தி, பழைய ஃபில்டரைப் பிடுங்கி, டிக்கியிலிருந்து புதுசை எடுத்து மாட்டுவேன். ஐந்து நிமிட வேலை. மாட்டி செல்ஃப் அடித்தால் ஓடும்! மூன்று முறை இப்படி. டேங்குக்குள் துரு உதிர்கிறது, அது ஃபில்டரை அடைக்கிறது என்று ஒரு கதையை நானே கட்டிக்கொண்டேன். டேங்கைக் கழற்றி அமிலம் விட்டுக் கழுவ நாள்கூடக் குறித்தாகிவிட்டது. ஒரு முறை ஃபில்டர் கைவசம் இல்லாமல், பெட்ரோல் சூட்டில் ஆவியாகி ஏர் லாக் ஆகியிருக்கும் என்று பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினேன். அதற்கும் பலன் இருந்தது. ஆக, ஒரே நோய்க்கு மூன்று மருந்து, மூன்றும் கேட்கிறது. அது எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கோ தைரியத்தைக் கொடுத்தது.

அந்த ஒரு சத்தம்

திருப்பம் வந்தது அக்காவால். அன்று அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தேன். காலையில்தான் டேங்க் வாய் வரைக்கும் நிரப்பியிருந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு வளைவு தாண்டியதும் வண்டி தவிக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டி நிறுத்தி, வழக்கம்போல பானெட்டைத் திறக்கப் போனேன். அக்கா உள்ளேயிருந்தே, "முதல்ல டேங்குல பெட்ரோல் இருக்கான்னு பாருடா," என்றாள். அந்த வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. காலையில்தான் நிரப்பினேன் என்று சொன்னேன். "நிரப்பின, சரி. இப்ப இருக்கான்னுதான் கேக்கறேன்," என்றாள். அவள் திருப்திக்காகப் பின்னால் போய் சாவியைப் போட்டு மூடியைத் திருகினேன். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. கால் சுற்று திரும்பியதும் உஸ்ஸ் என்று ஒரு நீளமான சத்தம். குக்கர் மூடியைத் தூக்கும்போது காற்று வெளியே வரும், இது அப்படி இல்லை. விரலை வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் தெரிந்தது: காற்று உள்ளே போனது. நாலைந்து விநாடி போய்க்கொண்டே இருந்தது. முடிவில் டேங்கின் தகரம் டொம் என்று ஒரு முறை அதிர்ந்தது, அமுங்கிய டப்பா நிமிர்கிற மாதிரி.

பானெட்டை நான் தொடவே இல்லை. மூடியை ஒப்புக்கு வைத்துவிட்டு உட்கார்ந்து செல்ஃப் அடித்தேன். காலியான சேம்பர் நிரம்ப ஒரு பத்து விநாடி ஆனது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அக்கா, "இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது, அது வருவதற்குத்தான் வழி இல்லை என்று என்னால் அப்போது அவளுக்கு விளக்க முடியவில்லை. மீதித் தூரம் முழுவதும் மூடியை இறுக்காமலே மெதுவாக ஓட்டினேன். அது பாதுகாப்பான காரியம் இல்லை, பெட்ரோல் அலம்பி வெளியே வரும். யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

யார் தள்ளுகிறார்கள்

பம்ப் பெட்ரோலை இழுக்கிறது என்று நாம் பேச்சில் சொல்கிறோம். உண்மையில் ஒரு திரவத்தை இழுக்க முடியாது, தள்ளத்தான் முடியும். டயாஃப்ரம் கீழே இறங்கும்போது பம்புக்குள் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான் அது செய்வது. டேங்கில் பெட்ரோலின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுதான் பெட்ரோலைக் குழாய்க்குள் அமுக்கி அனுப்புகிறது. கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சும் பம்ப் சுமார் பத்து மீட்டருக்கு மேல் ஏன் ஏற்ற மாட்டேன் என்கிறது என்ற கேள்விக்கு இத்தாலிய விஞ்ஞானி டொரிசெல்லி கண்ட விடை இதுவே. நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று அவர் 1644-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் கடலின் எடைதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கார்புரேட்டருக்குள்ளும் இதே கதை. குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. ஃப்ளோட் சேம்பரின் மேலுள்ள சாதாரணக் காற்று பெட்ரோலை ஜெட் வழியாக அந்தத் தொண்டைக்குள் தள்ளுகிறது. சேம்பருக்கு மேலே காற்று வர ஒரு துளை இருப்பது அதற்காகத்தான். டேங்குக்கும் அப்படி ஒரு துளை வேண்டும். எடுத்த பெட்ரோலின் இடத்துக்குக் காற்று வராவிட்டால், தள்ளுகிறவனே இல்லை.

இதைப் பள்ளியிலேயே படித்தவன்தான் நான். ஆனால் அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அது என் வண்டிக்குள் வந்து சேர்ந்தது. நாற்பது லிட்டர் டேங்கில் முப்பத்தெட்டு லிட்டர் பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். மேலே காற்றுக்கு இரண்டு லிட்டர் இடம். வாய் அடைத்திருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானதும் அந்தக் காற்று மூன்று லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு விழும். பெட்ரோல் ஆவி எழும்பிக் கொஞ்சம் ஈடுகட்டும் என்றாலும், குறைவது குறைவதுதான். அதே டேங்கில் பாதிதான் பெட்ரோல் என்றால்? இருபது லிட்டர் காற்று இருபத்தொரு லிட்டராகிறது. பம்ப் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதாவது இந்த நோய் டேங்க் நிரம்பியிருக்கும்போதுதான் கடிக்கும், காலியாக ஆக அடங்கும். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டிக்கு நேர் எதிர்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது, டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து, எப்போது எவ்வளவு பெட்ரோல் போட்டோம், அப்போது மீட்டர் எவ்வளவு என்று எழுதுவார். அதை நானும் விடாமல் தொடர்கிறேன். எடுத்துப் பார்த்தேன். வண்டி நின்ற நாட்களில் ஒன்றைத் தவிர எல்லாமே டேங்கை முழுக்க நிரப்பிய நாள், அல்லது அதற்கு மறுநாள். தூரம் போகிற அன்றுதானே நிரப்புவேன்! ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது நாலைந்து லிட்டர்தான் கிடக்கும். பிரித்து வேலை பார்க்கிற இடத்தில் நிறையப் பெட்ரோல் எதற்கு என்று வேண்டுமென்றே அப்படி வைப்பேன். மெக்கானிக் அண்ணன் அந்த வண்டியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அது அவர் கண்ணில் நிற்கப்போவதே இல்லை.

நோட்டில் இன்னொரு வரி இருந்தது: கார்புரேட்டர் சர்வீஸ் என்று என் கையெழுத்தில், தேதியோடு. அந்த வாரத்தில்தான் டேங்க் மூடியும் மாறியது, அது நோட்டில் இல்லை. பெட்ரோல் போடும்போது பழைய மூடியை வண்டிக் கூரைமேல் வைத்துவிட்டுக் கிளம்பி, அதைத் தொலைத்துவிட்டேன். அதற்குப் பதிலாகச் சாவி போட்டுப் பூட்டும் மூடி ஒன்று வாங்கினேன். மரை கச்சிதமாகப் பொருந்தியது. மூடியை மாற்றுவதை யார் ரிப்பேர் என்று எழுதிவைப்பார்கள்? பழைய கார்களில் சிலவற்றில் டேங்குக்கே தனியாகக் காற்றுக் குழாய் உண்டு, அவற்றின் மூடி முழுக்க அடைத்த மூடி. மற்றவற்றில் மூடியிலேயே காற்று உள்ளே வர வழி இருக்கும். என் வண்டி இரண்டாவது ரகம், நான் வாங்கியது முதல் ரகத்து மூடி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, நாள் முழுக்கக் காயவைத்து, உள்பக்கத்தை உதட்டில் வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். மூடி உதட்டைக் கவ்விக்கொண்டு தொங்கியது. கையை எடுத்தேன், விழவில்லை.

அப்புறம்தான் மூன்று ஃபில்டர்களின் கணக்கு தீர்ந்தது. ஃபில்டரை மாற்ற சக்ஷன் ஹோஸைப் பிடுங்கினேன் அல்லவா? பிடுங்கிய நொடியில் வெளிக்காற்று அந்தத் திறந்த குழாய் வழியாகப் பின்னோக்கி ஓடி டேங்குக்குள் போயிருக்கிறது. ஃபில்டருக்கும் குணமானதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கழற்றி வெறுமனே திரும்ப மாட்டியிருந்தாலும் ஓடியிருக்கும். நோயைத் தேடி நான் கை வைத்த ஒவ்வொரு முறையும், கை வைத்ததாலேயே அது மறைந்திருக்கிறது. ஈரத்துணி கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. பெட்ரோல் ஒரே சூட்டில் கொதிக்கிற சரக்கு இல்லை, அதிலுள்ள லேசான பகுதிகள் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் அதற்கும் முன்னாலேயே ஆவியாகும். ஆக ஏர் லாக் நிஜமாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதை உண்டாக்கியது இன்ஜின் சூடு மட்டுமில்லை, பின்னால் அடைத்துக் கிடந்த மூடியும்தான். துணி சுற்றி ஆற வைத்த பதினைந்து நிமிடத்தில் டேங்கும் தன் பங்குக்கு மெல்ல மெல்ல ஆவியை நிரப்பித் தேறியிருக்கும்.

இப்போது என் வரிசை தலைகீழாகிவிட்டது. பெட்ரோல் எங்கே புறப்படுகிறதோ அங்கிருந்து நடக்கிறேன்: மூடி, டேங்குக்குள் இருக்கும் சல்லடை, அடியில் ஓடும் குழாய், ரப்பர் ஹோஸ்கள், ஃபில்டர், பம்ப், கடைசியாகத்தான் கார்புரேட்டர். ஓடுகிற வண்டியில் சந்தேகம் வந்தால், தனியாக ஒரு சின்னக் கேனில் பெட்ரோல் வைத்து பம்புக்குப் போகிற ஹோஸை அதில் விட்டு ஓட்டிப் பார்க்கலாம். தவிப்பு போய்விட்டால் குற்றம் பம்புக்குப் பின்னால், டேங்க் பக்கத்தில்; போகாவிட்டால் பம்பிலோ அதற்கு முன்னால் கார்புரேட்டர் பக்கத்திலோ. கேனை நன்றாகக் கட்டிவைக்க வேண்டும், சூடான பாகங்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். இந்த ஒரு சோதனையை முதல் மாதமே செய்திருந்தால் டயாஃப்ரமும் நீடில் வால்வும் பிழைத்திருக்கும்.

சரியான மூடி கிடைக்கக் கொஞ்ச நாள் ஆனது. மாட்டிய அன்று வாய் வரை நிரப்பிக்கொண்டு அதே வளைவு வரைக்கும் போய், ஓரம் கட்டி நிறுத்தி, மூடியைத் திருகிக் காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. திரும்பி வரும்போது ஷெட்டுக்குப் போய் மெக்கானிக் அண்ணனிடம் முழுக் கதையையும் சொன்னேன், பழைய மூடியையும் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஷெட்டில் இன்னொரு பழைய கார் நின்றிருந்தது. அதன் கார்புரேட்டர் ஏற்கெனவே பிரிபட்டு ஒரு தட்டில் பெட்ரோலில் ஊறிக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து அந்த வண்டியின் பின்பக்கம் போய் மூடியைக் கழற்றினார். சட்டையில் அழுத்தித் துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சினார்.

"இதுல காத்து வருது தம்பி," என்றார். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு டேங்குக்கு அடியில் ஓடும் ஹோஸைப் பார்க்கக் குனிந்தார்.